மாரியம்மன் தூணில் ஒரு காரின் ஜாதகம்

"பாஸ், இந்த எடத்துல ஒரு தகடு இருந்திருக்கணுமே?"

காரை வாங்க வந்து பொனட்டுக்குள் தலையை விட்டிருந்த ஃபஸ்லி நானா அப்படிக் கேட்டதும், பாலில்லாத பிளேன்டித் தட்டோடு வந்த நான் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் டோர்ச் அடித்துக் காட்டிய இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள். அந்த ஓட்டைகளை எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

"எங்கயாவது கழண்டு விழுந்திருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர், என் பக்கம் திரும்பாமலே.

நான் தட்டை அங்கிருந்த டயரின் மேல் வைத்துவிட்டு, "அடுப்புல பால் பொங்குது" என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை. அடுப்பே பற்ற வைக்கவில்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் என் முதல் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருந்தேன். முறைப்படி இந்த வாரம் இரண்டாவது பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் எங்கள் பலாபத்வலைக் கடைத்தெருவில் இறங்கினால் போதும், "டீச்சர், காரை வித்துட்டீங்களாமே? தகடு கதை உண்மையா?" என்று ஆளாளுக்குக் கேட்டு என் உயிரை வாங்குகிறார்கள். ஒரேயடியாக எழுதித் தொலைத்துவிடுகிறேன். பள்ளிக்கூடம் எங்கேயும் ஓடிவிடாது.

சக்களத்தி

அந்தக் கார் இந்த வீட்டுக்கு எனக்கு முன்பே வந்தது.

என் மாமனாருக்கு யாழ்ப்பாண ரோட்டோரமாக ஒரு கராஜ் இருந்தது. அணைக்கட்டு வேலைக்கு வந்த அமெரிக்க இஞ்சினியர் ஒருவர், தன் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த காரை அங்கேதான் பழுது பார்க்க விடுவாராம். வேலை முடிந்து புறப்படும்போது, திருப்பி ஏற்றிக்கொண்டு போகும் தொல்லைக்குப் பயந்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு மாமனார் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டே கதவு. இடப்பக்கம் ஸ்டியரிங். எட்டு சிலிண்டர். மற்றக் கார்களெல்லாம் போவதற்குச் செய்தவை, இது பந்தயத்துக்கென்றே செய்தது என்பார் இவர். இவர் என்றால் என் வீட்டுக்காரர் இராஜலிங்கம். அப்பாவுக்குப் பிறகு கராஜைப் பார்த்தவர். எங்கள் பக்கத்தில் கைத்தொழில்காரர் எவரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். மேசன் பாஸ், தச்சு பாஸ், இவர் கார் பாஸ்.

என்னைப் பெண் பார்க்க இவர்கள் எல்கடுவைக்கு ஏறி வந்ததும் அந்தக் காரில்தான். என் அப்பா அங்கே தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளார்க். கார் வளைவு ஏறி வந்த சத்தத்தில், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ரோட்டுக்கு இறங்கிவிட்டார்கள். கங்காணி கத்தியும் ஒருத்தியும் திரும்பிப் போகவில்லை.

சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. நான் மாப்பிள்ளையைப் பார்த்ததைவிடக் காரைப் பார்த்ததுதான் அதிகம் என்று என் அம்மா சாகும் வரை கேலி செய்தாள். அன்றைக்கு எனக்கு அதைப் பிடித்திருந்தது. பொய் சொல்லக் கூடாது.

கல்யாணமாகி ஆறு மாதத்தில் புத்தி தெளிந்தது. இந்த வீட்டில் எனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள், அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பட்டா எழுதிக் கொடுத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

ஜக்கு சறுக்கியது

இப்போது எதற்காக விற்க வந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து சில நாள். நான் முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கொட்டகைக்குள் 'டங்' என்று ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. சாமான் விழுந்தால் இவர் திட்டுவார். திட்டு வரவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால், காரைத் தூக்கி நிறுத்தும் ஜக்கு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடக்கிறது. காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. ஒரு காலில் செருப்பு இல்லை.

நான் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன லொறி நின்றது. நாலு பேர் சேர்ந்து தூக்கி இவரை வெளியே இழுத்தார்கள். பக்கத்தில் முட்டுக் கொடுத்திருந்த பழைய ரிம் ஒன்று பாரத்தைத் தாங்கியதால் தோள்பட்டையோடு போயிற்று. கொஞ்சம் தள்ளிப் படுத்திருந்தால் நெஞ்சுதான்.

எழுபது வயதுக்குக் கிட்ட வந்துவிட்ட மனுஷன். சீனி வியாதி இருக்கிறது. ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. வெளியே வந்து மண்ணைத் தட்டிக்கொண்டு முதலில் சொன்ன வார்த்தை, "ஒரு போல்ட்டு உள்ள விழுந்திருச்சு, தேடணும்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த முறத்தைத் தரையில் அடித்தேன். மிளகு முற்றமெல்லாம் சிதறியது.

"இந்த ஊட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும். இன்னைக்கே சொல்லிருங்க."

இந்த வசனத்தை நான் முதல் தடவை சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் இவர் காதில் போட்டுக்கொள்ளாமல் எழுந்து போவார். அன்றைக்கு எழுந்து போகவில்லை. "வித்துரலாம் சரசு" என்றார். "ஆனா முழுசா எடுக்கிற ஆளுக்குத்தான். துண்டு போட்டு விக்கிறவனுக்குக் குடுக்க மாட்டேன்."

அதுவே எனக்குப் போதும் என்று நினைத்தேன். அந்தக் கார் கொட்டகையில் நிற்கும்வரை இவர் அடியில் படுப்பதை எந்தச் சாமியாலும் தடுக்க முடியாது. அடுத்த தடவை ரிம் இருக்கும் என்று யார் கண்டது?

மஞ்சள் குங்குமத்துக்கு அடியில்

ஃபஸ்லி நானாவுக்கு அக்குறணையில் பலசரக்குக் கடை. கடையைவிடப் பழைய கார்களில்தான் ஆளுக்கு உயிர். குசினி ஜன்னலில் காதை வைத்துக்கொண்டு அவர் சொன்னதைக் கேட்டேன்.

"பாஸ், பதிவுப் புத்தகத்துல நம்பர் சரிதான். ஆனா இது நெசமாவே பந்தய மொடல்தானா, இந்த இஞ்சின் ஃபெக்டரியில வச்சதுதானா, அதச் சொல்றது அந்தத் தகடுதான். அது இல்லாட்டி யாரோ சாதாரணக் காருக்குப் பெரிய இஞ்சினப் போட்டுட்டாங்கன்னு சொல்லிருவாங்க. நான் லட்சக்கணக்குல செலவழிச்சு இதத் திருத்தி என்ன செய்ய? தகடு இருந்தா முழுசா எடுக்கிறேன், அல்லாஹ் மேல ஆணை. இல்லாட்டி இஞ்சினையும் கதவையும் மட்டும்தான் எடுக்கலாம்."

"அப்ப வேணாங்க" என்றார் இவர்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஏனென்றால் அந்தத் தகடு எங்கேயும் விழவில்லை. அதைக் கழற்றியவள் நான்.

கல்யாணமான இரண்டாம் வருஷம். மூத்தவள் வயிற்றில் ஆறு மாதம். நான் பிள்ளைத்தாய்ச்சியாக எல்கடுவையில் அம்மா வீட்டில் இருந்தேன். என்னைப் பார்க்க இவர் மழையில் ஏறி வந்தார். மூன்றாம் வளைவில் கார் வழுக்கித் தேயிலைக்குள் உருண்டு, ஒரு சவுக்கு மரத்தில் முட்டி நின்றது. தோட்டத் தொழிலாளர் லயத்து ஆட்கள்தான் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாத்தளை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கண் திறக்கவில்லை.

நான்காம் நாள் காலை நான் கார் கிடந்த இடத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. அதைத் திட்டத்தான் போயிருப்பேன். காரை இழுக்க வந்த ஆள் ஒருவர் பொனட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல எதுங்க முக்கியமானது?" என்று கேட்டேன். சாமான் திருடு போய்விடும் என்று நான் பயப்படுவதாக நினைத்தாரோ என்னவோ, உள்ளே விரலை நீட்டி, "இந்தத் தகடுதாம்மா. இதுதான் காரோட ஜாதகம். இது இல்லாட்டி வெறும் இரும்பு" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்திருக்கும். கால் சுகமானால் அம்மனுக்கு வெள்ளியில் ஒரு கால். கண்ணுக்கு வெள்ளிக் கண். பிள்ளை பிறந்தால் வெள்ளித் தொட்டில். காருக்கு என்ன கொடுப்பது? அந்த அவசரத்தில் தட்டானிடம் ஓட எனக்குக் காலும் இல்லை, காசும் இல்லை.

அந்த ஆள் தேநீர் குடிக்கப் போன நேரம் பார்த்து ஒரு ஸ்குரூடிரைவரால் நெம்பிக் கழற்றினேன். விரலில் கீறி இரத்தம் வந்தது. நேராகத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். அப்போது பெரிய பூசாரி இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மறு பேச்சில்லாமல் ஆணியும் சுத்தியலும் எடுத்துக் கொடுத்தார். வெள்ளிக் கால்களும் கைகளும் தொங்கும் தூணில் நானே அடித்தேன்.

"ஆத்தா, இவரு கண்ணத் தொறக்கட்டும். இந்தக் காரோட ஜாதகத்த ஒனக்குக் குடுத்துட்டேன். இனி இவரு இந்தக் கார ரோட்டுல ஓட்ட மாட்டாரு. இது சத்தியம்."

அன்று பின்னேரம் இவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்.

இவரிடம் நான் சொல்லவில்லை. முதலில் உடம்பு தேறட்டும் என்றிருந்தேன். பிறகு பிள்ளை பிறந்தது. பிறகு, இவரைக் கேட்காமல் இவருக்காகச் சத்தியம் செய்துவிட்டோமே என்று உறுத்தல். பிறகு வெட்கம். ஒரு விஷயத்தை ஐந்து வருஷம் சொல்லாமல் விட்டால் ஆறாவது வருஷம் எப்படித் தொடங்குவது என்றே தெரியாமல் போய்விடுகிறது.

சத்தியத்தைக் காப்பாற்றும் பாரத்தையும் நான் சுமக்க வேண்டியிருக்கவில்லை. நசுங்கின கார் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது, இவர் வருஷக்கணக்காய்த் தட்டினார், கொட்டினார், அது கேட்டைத் தாண்டவே இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் இங்கே எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போய், அதை ஓடவிடாமல் வைத்திருப்பதற்காக அம்மனுக்கு நன்றி சொல்லிவிட்டு வருவேன்.

என்னுடைய முட்டாள்தனம் அதற்குப் பிறகுதான் பிடிபட்டது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கொழும்பிலிருந்து ஒருவர் காரை விலைக்குக் கேட்டு வந்தார். குருநாகலிலிருந்து ஒருவர். பிறகு ஒரு வெள்ளைக்காரர்கூட வந்தார். எல்லாரும் பொனட்டைத் திறந்தார்கள், ஓட்டையைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, "எங்கயாவது கழண்டு விழுந்திருக்கும்" என்பார்.

சக்களத்தியை வீட்டை விட்டுப் போகவிடாமல் ஆணி அடித்து வைத்தவள் நானேதான்!

பூசாரி சொன்ன வழி

ஃபஸ்லி நானா போன மறுநாள், மார்க்கெட்டுக்கு என்று சொல்லிவிட்டு எல்கடுவைக்கு பஸ் ஏறினேன். கோயிலில் இப்போது பெரிய பூசாரியின் மகன் கதிரேசன். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். வாய்ப்பாடு சொல்லத் தெரியாமல் தினமும் அழுவான்.

தகடு தூணில் அப்படியே இருந்தது. மஞ்சள், சந்தனம், குங்குமம், எண்ணெய் என்று பூசிப் பூசி ஒரு விரல் தடிப்புக்கு ஏறியிருந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஓரங்கள் கைபட்டு வழவழவென்று இருந்தன.

"வண்டிக்காரவங்கதான் டீச்சர்" என்றான் கதிரேசன். "கார்ல உருண்டு பொழச்சவரோட தகடுன்னு அப்பா சொல்லி வச்சிருந்தாரு. தம்புள்ளைக்கு மரக்கறி ஏத்துறவங்க லொறிச் சாவிய இதுல வச்சு எடுத்துக்கிட்டுத்தான் போவாங்க."

நான் விஷயத்தைச் சொல்லி, கழற்றித் தரச் சொன்னேன். அவன் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

"ஐயய்யோ, ஆத்தாளுக்குக் குடுத்தத எப்பிடி டீச்சர் திருப்பிக் குடுக்கிறது? நான் புள்ளகுட்டிக்காரன்."

"அப்ப அந்த மனுசன் கார் அடியிலயே கெடந்து சாகட்டுமா?"

என் குரல் கோயிலுக்குள் எதிரொலித்தது. எனக்கே கூசியது. படியில் உட்கார்ந்துவிட்டேன். கதிரேசன் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"திருப்பிக் கேக்கத்தான் கூடாது டீச்சர். ஏலத்துல எடுக்கலாம்" என்றான். "சாமிக்கு சாத்துன சேலைய ஏலம் போடுறோம், எலுமிச்சம்பழத்த ஏலம் போடுறோம். அந்த மாதிரிதான். இந்த வருசம் கோயிலுக்குச் சாயம் அடிக்கணும். தூண்ல உள்ள பழசெல்லாம் திருவிழாக் கடைசி நாள் ஏலத்துக்கு வருது. அன்னைக்கு வாங்க."

சொல்லிவிட்டு ஒரு மாதிரியாகச் சிரித்தான். வாய்ப்பாட்டுக்கு அழுத பயல் என்னைப் பார்த்துச் சிரிக்கிறானே என்று எரிச்சலாக இருந்தது. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு அப்போது தெரியாது.

ஒரு தரம், ரெண்டு தரம்

திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் நீராட்டு முடிந்து மத்தியானம். இவர் காலையிலேயே கண் கிளினிக்குக்கு மாத்தளை போவதாகச் சொல்லிப் புறப்பட்டிருந்தார். எனக்கு வசதியாய்ப் போயிற்று. பென்ஷன் காசை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் அம்மன் சேலை. பிறகு எலுமிச்சம்பழம், வாழைக்குலை. ஆட்களின் உடம்பெல்லாம் மஞ்சள் தண்ணீர். கதிரேசன் தகட்டைத் தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிக் காட்டினான்.

"இது வண்டித் தகடு. ஆயிரம் ரூவாயிலருந்து."

"ரெண்டாயிரம்" என்றேன் நான், முடித்துவிடலாம் என்று.

"மூவாயிரம்!"

திரும்பிப் பார்த்தால் லொறிக்காரச் செல்லையா. மூன்று லொறிக்குச் சொந்தக்காரர். முகமெல்லாம் குங்குமம்.

"செல்லையா, இது ஒங்களுக்கு எதுக்கு?"

"டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க. என் லொறி ரெண்டு தடவ பள்ளத்துப் பக்கம் போய்த் திரும்பி வந்திருக்கு. இந்தத் தகடுதான். முன் கண்ணாடியில வைக்கப் போறேன்."

நாலு, ஐந்து, எட்டு என்று ஏறியது. டீச்சரம்மா இந்தத் துருப்பிடித்த தகரத்துக்கு இப்படி மல்லுக்கு நிற்கிறாரே, இதில் என்னவோ இருக்கிறது என்று பக்கத்தில் நின்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். பன்னிரண்டில் என் இடுப்புக் காசு முடிந்தது. செல்லையா சாவகாசமாகப் பதினைந்து என்றார்.

"ஒரு தரம்" என்றான் கதிரேசன்.

தகடு லொறியில் ஏறிப் போய்விடும். ஃபஸ்லி நானா வரமாட்டார். ஞாயிற்றுக்கிழமை வரும். இவர் ஜக்கை எடுப்பார்.

"ரெண்டு தரம்."

"இருபதாயிரம்."

பின்னாலிருந்து வந்த குரல். அந்தக் குரலோடு முப்பது சொச்சம் வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். திரும்பவே பயமாக இருந்தது.

இவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கண்ணில் கிளினிக் மருந்தும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. "செல்லையா, அது என் கார்த் தகடு. விட்ருங்க" என்றார்.

செல்லையா வாயைப் பிளந்தார். "அப்ப உருண்டு பொழச்ச ஆளு நீங்கதானாண்ணே?" அப்படியே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். தன் சாவிக் கொத்தைக் கடைசியாக ஒரு தடவை அதில் வைத்து எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்.

மூன்றாம் தரம் சொல்லும்போது கதிரேசன் மறுபடி அந்தச் சிரிப்பைச் சிரித்தான். திருட்டுப் பயல், எனக்கு முன்பே இவர் அவனிடம் போய்ப் பேசியிருக்கிறார்.

கோயில் படியில் இருவரும் உட்கார்ந்தோம். தகடு இவர் மடியில்.

"எப்பயிலருந்து தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலருந்து வந்த வருசம் திருவிழாவுக்கு வந்தேன்ல? கும்பிட்டு நிமிந்தா தூண்ல என் கார் நம்பர். பெரிய பூசாரி எல்லாத்தையும் சொன்னாரு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அப்ப வந்தவன் போனவன்கிட்டயெல்லாம் விழுந்திருச்சு விழுந்திருச்சுன்னு சொன்னது?"

"நீ மட்டும் என்னவாம்? பால் பொங்குது பால் பொங்குதுன்னு ஓடுவ."

"நான் சொல்லாததுக்கு ஒரு காரணம் இருந்திச்சு. நீங்க?"

"தகடு கெடச்சா மறுநாளே வித்துருப்ப. அப்ப எனக்கு மனசு வரல" என்றார், சிறு பிள்ளை மாதிரி.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இத்தனை வருஷமாக நான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்க, இந்த மனுஷன் தன் காரைக் காப்பாற்றிக்கொள்வதற்காக எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். வீடு வரும்வரை த்ரீவீல் ஆட்டோவில் இவர் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்து வந்தேன்.

கேட்டைத் தாண்டியது

ஃபஸ்லி நானா எலுமிச்சம்பழமும் துணியும் வைத்துத் தகட்டைத் துடைத்தார். மஞ்சள் அடுக்கடுக்காகக் கரைந்து, அடியிலிருந்து எழுத்து ஒவ்வொன்றாக வந்தது. போனில் எதையோ பார்த்து ஒப்பிட்டவர், தகட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"அல்லாஹ்வே! நெசமான பந்தய மொடல் பாஸ். இந்த இஞ்சின்தான். செவப்புக் கலரும் இதுலயே இரிக்கி." என்னைப் பார்த்தார். "எண்ணெயும் மஞ்சளும் பூசினதாலதான் டீச்சர் துரு ஏறல. இந்தத் தகடு கார்லயே இருந்திருந்தா எப்பவோ அரிச்சுப் போயிருக்கும்."

என் மனசுக்குள் ஒரு மூட்டை இறங்கியது. விலையை இங்கே எழுத மாட்டேன், யாரும் கேட்க வேண்டாம்.

அடுத்த வாரமே கார் ஏற்றுகிற பெரிய லொறியோடு வந்தார். தரையில் ஓட்டை, சீட்டெல்லாம் எலி கடித்தது, முன்பக்கம் நசுங்கினது நசுங்கினபடி. கம்பி கட்டி இழுத்துத்தான் ஏற்ற வேண்டும் என்று ஃபஸ்லி நானா சொன்னார்.

"வேணாம். ஓடியே ஏறும்" என்றார் இவர்.

அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டரியைத் தூக்கி வந்தார். பிஸ்கட் டின்னிலிருந்து என்னவோ ஒன்றை எடுத்துப் பூட்டினார். போத்தலிலிருந்து பெட்ரோல் ஊற்றினார். கதவைத் திறக்காமல், வெளியிலிருந்தே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார்.

அடேயப்பா! கூரைத் தகரம் அதிர்ந்து தூசி கொட்டியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்துக்கொண்டு ஓடியது. பெண் பார்க்க வந்த அன்று வளைவில் கேட்ட அதே சத்தம்.

"இது ஓடுமா?" என்று கத்தினேன்.

"ஓடும்."

"எப்பயிலருந்து?"

"மூத்தவ பள்ளிக்கூடம் போன வருசத்துலருந்து. நீ வெள்ளிக்கெழமை கோயிலுக்குப் போனதும் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணி வைப்பேன்."

கார் ஓடவில்லை என்று நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்த அதே நேரம்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஃபஸ்லி நானா கதவைத் திறந்து பிடித்தார். "அப்ப நீங்களே ஓட்டி ஏத்துங்க பாஸ். நம்ம கேட்டுலருந்து ரோட்டுல நிக்கிற லொறி வரைக்கும்தானே. இத்தன வருசம் பாத்த வண்டி. ஒரே ஒரு தடவ."

இவர் ஒரு அடி பின்னால் வந்தார். கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார், சுத்தமான பிறகும்.

"இல்லைங்க, நீங்களே எடுங்க. நான் இத ரோட்டுல ஓட்ட மாட்டேன்னு இவ சாமிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கா."

அவ்வளவுதான் சொன்னார். ஏதோ மருந்துச்சீட்டில் எழுதியிருப்பதைச் சொல்வது போலச் சொன்னார்.

ஓடுகிற காரை முப்பது சொச்சம் வருஷம் கொட்டகைக்குள் வைத்துக்கொண்டு, கேட்டைத் திறந்தால் யாழ்ப்பாணம் வரைக்கும் ரோடு கிடக்க, இந்த மனுஷன் ஒரு தடவைகூட ஏறி உட்காரவில்லை. நான் செய்த சத்தியத்துக்காக. நான் இவரிடம் சொல்லவே இல்லாத சத்தியத்துக்காக. நான் அந்த இடத்திலேயே, லொறி டிரைவர் பார்க்க, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். எழுத வெட்கமில்லை.

ஃபஸ்லி நானா ஓட்டி ஏற்றினார். லொறி கண்டிப் பக்கம் திரும்பி மறையும்வரை இவர் ரோட்டோரம் நின்றார். பிறகு வெறும் கொட்டகையைப் பார்த்துவிட்டு, "இனி மழைக்கு மிளக இங்க காயப்போடலாம்" என்றார்.

"போடலாம். இப்ப டீ குடிக்கிறீங்களா?"

"பால் டீயா ஊத்து."

குசினிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்து, இந்தத் தடவை உண்மையாகவே பாலை வைத்தேன். பொங்கி வழியும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.